கெண்டைக் கோலும் உப்புத் தண்ணியும்

இங்கிலாந்தில் தூண்டில் போடுகிறவர்களுக்குள்ளே மூன்று சாதி உண்டு. சாதி என்றதும் அடிக்க வராதீர்கள், விஷயம் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. சால்மனும் டிரவுட்டும் பிடிக்கிறவர்கள் 'கேம்' ஆட்கள். அந்தக் காலத்து ஜமீன்தார் பொழுதுபோக்கு. நன்னீரில் மிச்சமிருக்கிற கெண்டை, ரோச், பார்பெல், பைக் எல்லாம் 'கோர்ஸ்'. முரட்டு ரகம் என்று அர்த்தம். அதைப் பிடிக்கிறவர்கள் குளத்தங்கரைக்காரர்கள். மூன்றாவது கூட்டம் கடல்காரர்கள். மூன்று பேருக்கும் கோல் வேறு, ரீல் வேறு, முள் வேறு, பேச்சு வேறு. ஒருத்தர் சாமானை இன்னொருத்தர் தொடுவது கொஞ்சம் தீட்டு மாதிரிதான்.

நான் ஏழெட்டு வருஷமாகச் செய்துகொண்டிருப்பது கலப்புத் திருமணம். குளத்துக் கெண்டைக்கென்று செய்த கோலை எடுத்துக்கொண்டுபோய்க் கடலில் போடுகிறேன். மீன் பிடிபடுகிறது. கோல் உடையவில்லை. தோளும் உடையவில்லை. இந்தப் பதிவு அதைப்பற்றித்தான். சைவ நண்பர்கள் பொறுத்தருள்க, அடுத்த பதிவு கத்தரிக்காய் பற்றி :-)

முதலில் கொஞ்சம் கொசுவத்தி சுற்றிவிடுகிறேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடி. அங்கே தாத்தா கையில் கோல் எல்லாம் பார்த்ததே இல்லை. ஒரு மரக்கட்டையில் சுற்றின தங்கூஸ், நுனியில் ஈயக்குண்டு, அதற்கு மேலே இரண்டு முள். தலைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றி வீசுவார். அப்புறம் தங்கூஸை ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். மீன் தொட்டால் விரலுக்குத் தெரியும். "இது முரல் கடி", "இது நண்டுலே, விடு" என்று இழுக்கும் முன்பே சொல்லுவார். பாதிக்கு மேல் சரியாக இருக்கும். நான் கற்றுக்கொண்ட மீன்பிடி அவ்வளவுதான். மீனோடு பேச நடுவில் ஒரு நூல் போதும் என்பது அப்போதே மண்டையில் ஏறிவிட்டது.

பிறகு படிப்பு, வேலை, விசா, இத்யாதி. இங்கிலாந்தின் தெற்குக் கரையில், ஸஸெக்ஸில் வந்து விழுந்தேன். ஆபீஸில் ஆணி பிடுங்குகிற நேரம் போக மிச்ச நேரத்தில் கடற்கரையில் நிற்க ஆரம்பித்தேன். இங்கே கரையிலிருந்து தூண்டில் போட 'பீச்காஸ்டர்' என்று ஒரு கோல் இருக்கிறது. 13 அடி, 14 அடி நீளம். அதில் 5, 6 அவுன்ஸ் ஈயத்தைக் கட்டி வீசவேண்டும். கிராமில் சொன்னால் 140-லிருந்து 170. அந்த ஈயத்துக்கு நாலு கம்பிக் கால் வேறு இருக்கும், மணலில் நங்கூரம் மாதிரி கவ்வுவதற்கு. நன்றாக வீசத் தெரிந்தவர்கள் 100 மீட்டருக்கு மேல் அநாயாசமாக அனுப்புவார்கள். நான் சுமார். ஆனால் ஆசை சுமார் இல்லை.

2018 வசந்தத்தில் வலது தோள்பட்டை மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில் சீப்பு எடுத்துத் தலை சீவ முடியவில்லை, பிறகு சட்டை மாட்ட முடியவில்லை. 'ஃப்ரோஸன் ஷோல்டர்' என்றார்கள். தோள் உறைந்துபோவது. நாற்பதுக்கு மேல் நிறைய பேருக்கு வருகிறது, சர்க்கரை இருப்பவர்களுக்குக் கூடுதலாக வருகிறது. மெதுவாகச் சரியாகும், மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருஷக்கணக்கிலும் ஆகும். பயிற்சி சொல்லிக்கொடுத்த அம்மணியிடம் பீச்காஸ்டர் வீசுவதை நடித்துக் காட்டினேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் பதில் தெரிந்துவிட்டது. "அதை மறந்துடுங்க" என்றார். தங்கமணிக்கு உள்ளூர சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் மனுஷன் வீட்டில் இருப்பானே!

எனக்கு அது அவ்வளவு சின்ன விஷயமாக இல்லை. பிறந்த ஊரை விட்டு வந்தவர்களுக்குப் புரியும். ஊரிலிருந்து நான் கூட்டிக்கொண்டு வந்தது கடல் ஒன்றைத்தான். கோயில் இங்கே வேறு மாதிரி, சாப்பாடு வேறு மாதிரி, மழைகூட வேறு மாதிரி. ஆனால் அலைச் சத்தமும், உப்பு வாடையும், நூலில் வருகிற அந்தத் தட்டும் ஒரே மாதிரி. அதுவும் போய்விட்டால் நான் இங்கே வெறும் சம்பளக்காரன்தான். அந்த வருஷம் கோடை முழுக்க நான் கடற்கரைப் பக்கமே போகவில்லை. பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது முடியாத காரியம்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். எண்பதை நெருங்கின வயது, பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கெண்டை பிடித்தவர். பிடித்து, எடை பார்த்து, முத்தம் கொடுத்துத் திருப்பி விடுகிற ரகம். (என் அம்மாவிடம் போனில் இதைச் சொன்னபோது, "பிடிச்ச மீனை விடறதுக்கா ராத்திரி பூரா குளத்தங்கரையில உட்கார்ந்திருக்காக?" என்று கேட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.) இடுப்பு போய்விட்டதால் அவரும் குளத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தார். ஒருநாள் வேலிக்கு இந்தப்பக்கம் நான் தோளையும், அந்தப்பக்கம் அவர் இடுப்பையும் புலம்பிக்கொண்டிருந்தோம். திடீரென்று உள்ளே போய் நீளமாக ஒரு பையைக் கொண்டுவந்து வேலி மேல் சாய்த்தார். உள்ளே இரண்டு கோல். 12 அடி, இரண்டு துண்டாகப் பிரிகிற கெண்டைக் கோல்.

"நான் கெண்டை பிடிக்கிறதில்லையே" என்றேன்.

"இதுக்கு அது தெரியுமா என்ன? வளையணும், அவ்வளவுதான். பரணில் கிடந்து நேரா நிக்கிறது குச்சிக்கு நல்லதில்லை" என்றார்.

தங்கமணி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இருக்கிற குச்சி போதாதுன்னு இன்னும் ரெண்டா?" என்றது தனிக்கதை.

சரி, விஷயத்துக்கு வருவோம். கெண்டைக் கோலை ஏன் கடலுக்குக் கொண்டுபோகலாம் என்பதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

இந்த ஊர்க் கோல்களில் கைப்பிடிக்கு மேலே '2.75 lb' என்பது மாதிரி ஒரு எண் எழுதியிருக்கும். இதற்கு 'டெஸ்ட் கர்வ்' என்று பெயர். கோலைக் கிடையாகப் பிடித்துக்கொண்டு நுனியைக் கீழே இழுத்தால், நுனி கைப்பிடிக்குச் செங்கோணத்தில் வருகிற அளவு வளைய எத்தனை பவுண்டு எடை வேண்டுமோ, அதுதான் அந்த எண். இந்தக் கணக்கை ரிச்சர்ட் வாக்கர் என்ற மனிதரோடு சேர்த்துத்தான் எல்லோரும் சொல்வார்கள். எஞ்சினியர் மூளை உள்ளவர். 1952 செப்டம்பரில் ஹியர்ஃபர்ட்ஷயரில் உள்ள ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு கெண்டையைப் பிடித்துச் சாதனை செய்தார். அந்த மீனை லண்டன் மிருகக்காட்சிசாலைக்குக் கொடுத்துவிட்டார்கள், கிளாரிஸா என்று பெயர்கூட வைத்தார்கள். பெரிய கெண்டையை வேண்டுமென்றே தேடிப்போய்ப் பிடிக்கலாம் என்ற நம்பிக்கை இந்த நாட்டில் பரவினதில் அந்த மீனுக்குப் பெரிய பங்கு உண்டு. வாக்கர் பிளந்த மூங்கிலை ஒட்டிச் செய்த கோலில் பிடித்தார். இன்றைக்கு எல்லாம் கார்பன்.

கணக்கு இதுதான். டெஸ்ட் கர்வ் எத்தனை பவுண்டோ, அத்தனை அவுன்ஸ் ஈயம் அந்தக் கோலுக்குச் சௌகரியம். ஏனென்றால் ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ், பதினாறில் ஒரு பங்கு என்பது விதி. 2.75 பவுண்டு கோலுக்கு 2.75 அவுன்ஸ், சுமார் 78 கிராம். அதேபோல டெஸ்ட் கர்வை ஐந்தால் பெருக்கினால் எந்த பலமுள்ள நரம்பு போடலாம் என்று வரும். 2.75-க்கு 14 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. மூங்கில் காலத்துக் கணக்கை கார்பனுக்கு அப்படியே நம்பக்கூடாதுதான். ஆனாலும் பழகிப்போன ஆரம்பப் புள்ளி.

இப்போது யோசித்துப் பாருங்கள். 14 பவுண்டு நரம்பு, 2 முதல் 3 அவுன்ஸ் ஈயம், 12 அடி நீளம், பெரிய மீன் ஓடினால் அடிவரை வளைந்து கொடுக்கிற குணம். இதில் எது கடலுக்கு ஆகாது? தூக்கி வீசுகிற அந்த 6 அவுன்ஸ் ஈயம் மட்டும்தான் ஆகாது. என் தோளுக்கும் அதேதான் ஆகாது! கோலுக்கும் எனக்கும் ஜாதகம் பொருந்திவிட்டது.

உள்ளூர் மீன்பிடிச் சாமான் கடையில் சொன்னபோது சிரித்தார்கள். கடலுக்குக் கடல் கோல்தான் வேண்டுமாம், விலை 200 பவுண்டிலிருந்து ஆரம்பமாம். இருக்கட்டும்.

ஷோரம் என்று ஒரு ஊர், பிரைட்டனுக்கு மேற்கே. அங்கே அடூர் என்ற ஆறு கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரம்தான் எனக்குப் பள்ளிக்கூடம். நம்ம ஊர் ஆட்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். தூத்துக்குடியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 5, 6 மீட்டர் வரை போகும். காலையில் படகு மிதந்த இடத்தில் மத்தியானம் சேறு. ஆற்றுக்குள் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் ஒரு ரயில் வந்து போகிற மாதிரி. மீனும் அதோடு வந்து அதோடு போகும். அட்டவணை பார்க்காமல் போனால் காலிப் பையோடு வரவேண்டியதுதான்.

2018 நவம்பரில் ஒரு சாயங்காலம், ஏற்றம் ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆனபோது முதல்முறையாக வீசினேன். வீசினேன் என்பதுகூட அதிகம். கையைத் தோளுக்கு மேல் தூக்காமல், இடுப்புப் பக்கத்திலிருந்து ஊஞ்சல் மாதிரி ஆட்டி விட்டேன். 2 அவுன்ஸ் ஈயம், முள்ளில் ராக்வார்ம் புழு. முப்பது மீட்டர் போயிருக்கும். பெரியவர் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மடியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கிளம்புகிற நேரத்தில் தொப்பியோடு வாசலில் நின்றவர்.

இருபது நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு நுனி ஒருமுறை தலையாட்டியது. பிறகு இன்னொரு முறை. பீச்காஸ்டரில் இந்த மாதிரிக் கடி வந்தால் காற்றா, அலையா, மீனா என்று பஞ்சாயத்து நடக்கும். இதில் சந்தேகமே இல்லை, கைப்பிடி வரை தெரிந்தது. தாத்தாவின் ஆள்காட்டி விரல் ஞாபகம் வந்தது. இழுத்தேன். கோல் நடுவரை வளைந்தது.

கரைக்கு வந்தது ஒரு ஃப்ளவுண்டர். நம்ம ஊர் நாக்கு மீனுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி, தட்டையாக, இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில். நீளம் ஒரு அடிக்கு மேல். 14 அடி பீச்காஸ்டரில் இதே மீன் வந்திருந்தால் ஈரத்துணி மாதிரி இழுபட்டு வந்திருக்கும், மீன் இருப்பதே தெரிந்திருக்காது. இதில் ஐந்து நிமிஷம் ஓட்டம் காட்டியது.

பெரியவர் மீனைப் பார்க்கவே இல்லை. கோலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "வளைஞ்சுதே, பாத்தியா" என்றார். அதையே வீடு வரும்வரை இரண்டு மூன்று தடவை சொன்னார்.

அதன்பிறகு தெரிந்துகொண்டதையெல்லாம் சுருக்கமாகப் பட்டியல் போடுகிறேன். இங்கிலாந்தில் இருக்கிற நம்மாட்கள் யாராவது வீட்டில் கெண்டைக் கோலை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தால் உதவும்.

எங்கே ஆகும்?

முகத்துவாரம், துறைமுகத்தின் உள்பக்கம், அலை குறைந்த மணல் கரை. இந்த இடங்களில் மீன் காலடியில் மேயும். பாஸ் மீன் அலை உடைகிற நுரைக்குள்ளேயே நண்டு தேடிக்கொண்டு திரியும். அதன் தலைக்கு மேலே 100 மீட்டர் வீசுவது, வீட்டு வாசலில் நிற்கிற ஆளைத் தேடி அடுத்த தெருவுக்குப் போவது மாதிரி. (பாஸ் பார்க்க நம்ம கொடுவா சாயலில் இருக்கும், ஆனால் குடும்பம் வேறு.) முன்பெல்லாம் குளிர்காலத்தில் காட் மீனுக்காகத்தான் தூரம் வீசுவார்கள். தெற்குக் கரையில் காட் இப்போது அரிதாகிவிட்டது. ஆக, கனத்த கோலுக்கு இருந்த பெரிய காரணமும் குறைந்துவிட்டது.

கோடையில் தக்கை கட்டி, சின்னத் துண்டு மெக்கரல் சதை வைத்தால் கார்ஃபிஷ் வரும். அசல் நம்ம முரல்தான்: ஊசி வாய், தண்ணீருக்கு மேலே துள்ளுகிற அதே குணம், அதே பச்சை எலும்பு. முதல்முறை பார்த்தபோது தாத்தாவுக்குப் போன் பண்ணவேண்டும் போல இருந்தது. அவர் போய்ப் பல வருஷம் ஆயிற்று.

மெக்கரலுக்கு, அதாவது காணாங்கெளுத்தி உறவுக்கு, இறகு கட்டின ஆறு முள் சரத்தைக் கடையில் விற்பார்கள். கெண்டைக் கோலில் மூன்று முள்ளுக்கு மேல் வேண்டாம். ஆறு முள்ளிலும் மீன் ஏறிவிட்டால், ஆளுக்கு 300 கிராம் வைத்தாலும் ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல், அதோடு ஈயம். அதைச் சுவர் மேல் தூக்கினால் கோல் நுனி அம்போ.

மடவைக்கு இந்தக் கோல் கொஞ்சம் முரடு. இங்கே இருக்கிற தடித்த உதட்டு மடவை, ரொட்டித் துண்டுக்கு வரும். ஆனால் வாய் மென்மை, விறைப்பான கோலில் கிழித்துக்கொண்டு போய்விடும். 1.5 பவுண்டு டெஸ்ட் கர்வ் இருக்கிற மெல்லிசு ரகம் கிடைத்தால் உத்தமம்.

எங்கே ஆகாது?

கொந்தளிக்கிற கடல், பாறை, அடர்ந்த கடல்பாசி, வேகமான நீரோட்டம். செஸில் கடற்கரை மாதிரி இடங்களில் ஆழமும் இழுப்பும் உடனே ஆரம்பிக்கும். காற்று பலமாக அடிக்கிற நாளில் அங்கே 2 அவுன்ஸ் ஈயம் உருண்டு உருண்டு பக்கத்து ஆளின் நரம்போடு பின்னிக்கொள்ளும். அவர் பேசுகிற இங்கிலீஷ் அகராதியில் இருக்காது. காங்கர் விலாங்கு, திருக்கை தேடுபவர்களும் பெரிய கோலோடு போகட்டும். உயரமான பாலத்துறையிலிருந்து பிடித்தால் மீனைக் கோலால் தூக்கக்கூடாது, கயிறு கட்டின இறக்கு வலை வேண்டும்.

பாதுகாப்பு. இது முக்கியம். வீசும்போது நரம்பு அறுந்தால் ஈயம் துப்பாக்கிக் குண்டுதான். அதனால் ஈயத்துக்குப் பக்கத்தில் தடித்த நரம்பு ஒன்றை முடிந்துகொள்வார்கள், 'ஷாக் லீடர்' என்று பெயர். ஒரு அவுன்ஸுக்கு 10 பவுண்டு பலம் என்பது கணக்கு. 3 அவுன்ஸ் ஈயத்துக்கு 30 பவுண்டு. கோலைச் சுற்றி ரீலில் நாலைந்து சுற்று வருகிற அளவு நீளம் இருக்கட்டும். அமைதியான குளத்தில் கெண்டைக்காரர்கள் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. ஆட்கள் நடமாடுகிற கடற்கரையில் கட்டாயம்.

கோடையில் மணல் கரையில் வீவர் என்று ஒரு சின்ன மீன் மாட்டும். முதுகில் கறுப்பு முள், விஷம். நம்ம ஊர்க் கெளுத்தி குத்தின அனுபவம் உள்ளவர்களுக்கு விளக்க வேண்டாம். கையால் தொடாமல் இடுக்கியால் கழற்றுங்கள். குத்திவிட்டால் தாங்குகிற அளவு சூடான தண்ணீரில் கை காலை வைப்பதுதான் முதலுதவி.

உப்பு. கெண்டைக் கோலுக்கு உப்பு மாமியார் மாதிரி, அன்றே கவனிக்காவிட்டால் மனதில் வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு துண்டையும் பிரித்து, வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் துடைக்கவேண்டும். வளையங்களின் அடிப்பாகம், ரீல் மாட்டுகிற திருகு, இணைப்பு, இந்த மூன்றிலும்தான் துரு உட்காரும். காய்ந்த பிறகுதான் பைக்குள். ரீலைக் குழாயடியில் பீய்ச்சிக் கழுவாதீர்கள், உப்பு உள்ளே போய்விடும். ஈரத்துணியால் துடைத்து, அசையும் இடங்களில் ஒரு சொட்டு எண்ணெய். நன்னீர் ரீலில் உள்ளே இருக்கிற பேரிங் கடல் காற்றுக்குப் பழகினதில்லை. முடிந்தால் ரீல் மட்டும் உப்பு தாங்குகிறதாக வாங்குங்கள்.

இன்னொன்று. அதே சாமானைக் குளத்துக்குத் திரும்பக் கொண்டுபோவதாக இருந்தால், வலை, பை, பூட்ஸ் எல்லாம் பார்த்து, கழுவி, நன்றாகக் காயவைத்துவிட்டுப் போகவேண்டும். 2010-ல் கிராஃபம் நீர்த்தேக்கத்தில் 'கொலைகார இறால்' என்று பெயர் எடுத்த ஒரு வெளிநாட்டு உயிரியைக் கண்டுபிடித்த பிறகு, இந்த மாதிரி உயிரிகள் ஒரு நீரிலிருந்து இன்னொரு நீருக்கு நம் சாமானிலேயே ஓசியில் பயணம் பண்ணுகின்றன என்று இங்கே தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சட்டம். இங்கிலாந்தில் நன்னீரில் தூண்டில் போட லைசென்ஸ் வேண்டும். ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கோர்ஸ் மீன்களுக்கு விடுமுறையும் உண்டு. கரையிலிருந்து கடல் மீன் பிடிக்க அந்த லைசென்ஸ் வேண்டாம். அதற்காக எதையும் பிடிக்கலாம் என்றில்லை. 42 செ.மீ.க்குக் குறைவான பாஸைத் திருப்பி விடவேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. அது வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளவும்.

பட்டியல் முடிந்தது. கொட்டாவி விட்டவர்கள் இனிமேல் தொடரலாம் :-)

கெண்டைக்காரர்களிடமிருந்து கோலோடு சேர்த்து எனக்குக் கிடைத்தது இன்னொன்று. மீனைப் பிடிக்கிற விதம். அகலமான மென்மையான வலை, தரையில் விரிக்க ஈரப் பாய், கொக்கி நுனி இல்லாத முள், ஈரக் கையால்தான் தொடுவது. கடல்காரர்கள் பலர் மீனைக் கூழாங்கல்லில் போட்டுப் புரட்டிக் கழற்றுவார்கள். திருப்பி விட்டாலும் பிழைக்குமா என்று சந்தேகம்தான். பெரியவர் தன் பாயையும் எனக்குக் கொடுத்திருந்தார். "சாப்பிடறதா இருந்தா உடனே அடிச்சுடு. விடறதா இருந்தா ராஜா மாதிரி விடு. நடுவில் ஒண்ணும் கிடையாது" என்பார். வேளாவேளைக்கு மீன் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு, மீனுக்கும் மரியாதை என்று ஒன்று இருப்பதைச் சொல்லிக்கொடுத்தவர் மீன் சாப்பிடாத அந்த மனிதர்தான். இன்றைக்கு அளவுள்ள இரண்டு ஃப்ளவுண்டர் வந்தால் ஒன்று தங்கமணியின் மஞ்சள் மிளகாய்த்தூளுக்கு, ஒன்று ஆற்றுக்கு.

இந்த நன்னீர், உப்புநீர் என்கிற வேலியை மீன்கள் ஒரு நாளும் மதித்ததில்லை என்பதும் இப்போது தெரிகிறது. ஃப்ளவுண்டர் ஆற்றில் மைல் கணக்கில் ஏறி நல்ல தண்ணீரில் இருக்கும், குளிர்கால முடிவில் முட்டையிடக் கடலுக்கு இறங்கும். மடவையும் பாஸ் குஞ்சும் ஏற்றத்தோடு உள்ளே வரும். விலாங்கு வாழ்வது ஆற்றில், முட்டையிடுவது நடுக்கடலில். அட, கெண்டையே காஸ்பியன் கடலின் உவர்நீரில் வாழ்கிற மீன்தான். அது இங்கிலாந்துக்கும் வந்தேறி, நமக்கும் வந்தேறி. 1939-ல் இலங்கையிலிருந்துதான் ஊட்டிக்கு வந்தது. போன இடத்தில் இருக்கிற தண்ணீரைக் குடித்துப் பிழைத்துக்கொண்டது. அதைப் பிடிக்கச் செய்த குச்சி மட்டும் ஏன் குளத்தோடு நிற்கவேண்டும்?

பெரியவர் 2021-ல் போய்ச் சேர்ந்தார். அதற்குள் நாலைந்து முறை ஷோரம் வந்திருந்தார். கடைசியாக வந்தபோது நானே கோலை அவர் கையில் கொடுத்தேன். உட்கார்ந்தபடியே ஒரு ஸ்கூல் பாஸைப் பிடித்தார், ஒரு சாண் நீளம். எண்பது வருஷத்தில் அவர் பிடித்த முதல் கடல் மீனாம்! கடலுக்கு அரை மைல் தூரத்தில் வாழ்ந்த மனிதர். "நமக்கு இதெல்லாம் சொன்னாங்க, அது வேற ஆளுங்க சமாசாரம்னு" என்றார். ராஜா மாதிரி விட்டோம்.

என் தோள் இப்போது முக்கால்வாசி சரி. பீச்காஸ்டரை மறுபடி எடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். எடுத்துப் பார்த்தேன், இரண்டு முறை. நன்றாகத்தான் போகிறது, தூரமாகத்தான் விழுகிறது. ஆனால் அவ்வளவு தூரத்தில் நடப்பது எனக்குத் தெரிவதில்லை. இந்தக் குச்சியில் தெரிகிறது. பீச்காஸ்டரைப் பக்கத்துத் தெருப் பையன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டேன். குச்சி என்றால் வளையவேண்டுமே.

இரண்டாவது கெண்டைக் கோல் எங்கே என்று கேட்கிறீர்களா? மகள் எடுத்துக்கொண்டாள். பதிமூன்று வயது. தமிழ் பேசச் சொன்னால் நாலு வார்த்தைக்கு மேல் வராது. ஆனால் போன மாதம் நுனி ஆடினபோது, இழுக்காமல் ஒரு நொடி விரலை நரம்பில் வைத்துப் பார்த்துவிட்டு, "நண்டுப்பா, விடுங்க" என்றாள்.

நண்டுதான்.

பி.கு: கத்தரிக்காய்ப் பதிவு நிச்சயம் வரும். தங்கமணி கேட்டுக்கொண்டே இருக்கிறார்.